முதுகுவலி ஒத்தடம்: சூட்டுக்கும் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் முதுகை வளைக்காமல் செய்கிற வேலை குறைவு. குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்த் தாழ்ந்த பட்டையில் குனிந்து பால் வெட்டுகிறவர்கள், முந்திரி ஆலைகளில் உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்கக் கொட்டை உடைத்துத் தோல் உரிக்கிற பெண்கள், கடற்கரையில் கரமடி வலை இழுக்கிறவர்கள், தோவாளையில் பூப்பறிக்கிறவர்கள், நாஞ்சில் நாட்டு வயல்களில் நடவு நடுகிறவர்கள் என எல்லோருக்கும் சாயங்காலம் முதுகு கல்லாக இறுகிவிடுகிறது. வீட்டில் உடனே கிடைக்கிற வைத்தியம் சூட்டு ஒத்தடம். நல்ல வைத்தியம்தான். ஆனால் வலி போக ஒத்தடம் கொடுத்து, தோல் வெந்து கொப்புளத்தோடு வருகிறவர்களை இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கும் நாங்கள் வருஷம் முழுக்கப் பார்க்கிறோம். அத்தனையும் தவிர்க்கக் கூடியவை என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

‘தோல் சிவந்து எரிந்தால்தான் சூடு உள்ளே இறங்கும்’ என்ற நினைப்பு நம்மிடம் வேரூன்றி இருக்கிறது. உடல் அப்படி வேலை செய்வதில்லை. மேலே வைக்கிற சூடு 15 நிமிஷத்தில் தோலுக்கு 1 செ.மீ. கீழே 3 முதல் 4 டிகிரி வரை ஏற்றும். 3 செ.மீ. ஆழத்தில் 1 டிகிரி ஏறுவதே அரிது. தோலுக்கடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிந்து, ஓடுகிற ரத்தமே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவதுதான் காரணம். பிறகு எப்படி வலி குறைகிறது? தோலில் உள்ள சூடு உணரும் நரம்பு முனைகள் தண்டுவடத்துக்கு அனுப்பும் செய்தி, வலிச் செய்தியை அமுக்குகிறது. இறுகிப் பிடித்த தசை தளர்கிறது. மேல்தசைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. இவை மூன்றுக்கும் தோலின் மேல் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் ஏற்றினால் ஆழத்துக்கு எதுவும் கூடுதலாகப் போவதில்லை, தோல்தான் வேகும். 44 டிகிரியே விடாமல் 6 மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வெந்துவிடும். 60 டிகிரி என்றால் சுமார் 5 வினாடி போதும்.

மேலோட்டமான சூடு முதுகுவலிக்கு உதவும் என்பது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. புதிதாக வந்த இடுப்பு முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன் முயலக் கூடியவற்றில் ஒன்றாக, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. கிடைக்கும் நிவாரணம் நடுத்தரமானது, சில நாட்களுக்கானது. வருஷக்கணக்கான வலியை ஒத்தடம் மட்டும் தீர்த்துவிடாது.

எப்போது சூடு, எப்போது குளிர் என்பதில் குழப்பம் உண்டு. பாரம் தூக்கும்போது சுரீரென்று பிடித்து, அந்த இடம் வீங்கியோ கன்றியோ இருந்தால் முதல் 2 நாள் சூடு வேண்டாம். அடிபட்ட இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது குழாய்களை விரிய வைத்தால் வீக்கம் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிஷம் வையுங்கள். குளச்சல், முட்டம் போன்ற மீன்பிடி ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கட்டியை நேராகத் தோலில் வைப்பதும் புண்ணாக்கும். வீக்கமோ கன்றலோ இல்லாத வெறும் பிடிப்புக்கும், பழக்கமில்லாத வேலை செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற உளைச்சலுக்கும் முதல் நாளிலேயே சூடு வைக்கலாம்.

இனி முறைகள். வீட்டில் அதிகம் இருப்பது ரப்பர் வெந்நீர்ப் பை. அதிகம் சுடுவதும் அதுவே. காரணம், அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றுகிறார்கள். கொதிநீர் ஒரு பங்கு, கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஒரு பங்கு எனக் கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும். பைக்குள் இருக்க அதுவே உச்ச அளவு. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர். 2 லிட்டர் பை என்றால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றி முடித்ததும் பையை மேஜையில் படுக்க வைத்து, வாய்ப் பக்கத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து, தண்ணீர் கழுத்துக்கு வருகிற வரை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். காற்று தங்கினால் பை உப்பிக் கடினமாகி முதுகில் பொருந்தாது. ஓர இடத்தில் மட்டும் படும், அந்த ஓரம்தான் சுடும். மூடியதும் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். திருகின் ஓரத்தில் ஒரு சொட்டு வந்தாலும் உள்ளே இருக்கும் வாஷர் போய்விட்டது என்று பொருள்.

பைக்கும் தோலுக்கும் நடுவே பூத்துண்டை 4 மடிப்பாக வையுங்கள். வைத்த உடன் ‘சூடே தெரியவில்லையே’ என்று ஒரு மடிப்பை எடுத்துவிடுவார்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். துணி வழியாகச் சூடு மெதுவாகத்தான் இறங்கும். தோலின் சூடு உச்சத்துக்குப் போக 8 நிமிஷம் போல ஆகும். முதல் 2 நிமிஷத்தில் இதமாக இருந்தது 8-ஆவது நிமிஷத்தில் எரியலாம். ஆகவே 5-ஆவது நிமிஷம் துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். பரவலாக இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருந்தால் சூடு அதிகம், உடனே எடுத்துவிட வேண்டும். மொத்தம் 15 முதல் 20 நிமிஷம். அடுத்த ஒத்தடத்துக்குக் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி. நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் தேவைப்படாது.

பையின் மேல் மல்லாந்து படுக்கவே கூடாது. உடல் பாரம் விழுந்தால் துண்டின் மடிப்புகள் நசுங்கி, நடுவில் இருக்கும் காற்று போய்விடும். அத்தோடு, அழுத்தத்தால் அந்த இடத்து ரத்த ஓட்டமும் தடைபட்டு, சூட்டை எடுத்துப் போக ஆள் இல்லாமல் அங்கேயே தங்கும். குப்புறப் படுத்து, வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை வைத்து, பையை முதுகின் மேல் வைப்பதுதான் முறை. குப்புறப் படுக்க முடியாதவர்கள் ஒருக்களித்துப் படுத்து, இரு முழங்காலுக்கும் இடையே தலையணை வைத்து, பையைப் பின்னால் சாய்த்து ஒரு துண்டால் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். நடு முள்ளெலும்பின் மேல் வேண்டாம், அதன் இரு பக்கமும் தடித்து ஓடுகிற தசையின் மேல் படட்டும்.

ரப்பர் விளையும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் மறந்துவிடுகிறார்கள்: எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகிவிடும். முதுகில் தைலம் தேய்த்து அதன் மேலேயே பையை வைத்தால் சில மாதங்களில் தையல் ஓரம் பிசுபிசுத்துப் பிரியும். வெயிலில் காயப் போடுவதும், மடித்துத் திணித்து வைப்பதும் அதே போலக் கேடு. கழுத்துப் பகுதியை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால், ஒழுகாவிட்டாலும் அந்தப் பையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். வெந்நீரோடு அது முதுகின் மேல் இருக்கும்போது பிளந்தால் விபரீதம். உபயோகித்த பிறகு தண்ணீரை வடித்து, மூடியைக் கழற்றி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

ஈர ஒத்தடத்துக்குப் பையும் வேண்டாம், ஒரு பூத்துண்டு போதும். ஒரு பங்கு கொதிநீருக்கு மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 47 டிகிரி வரும். முக்கிப் பிழிந்து விரித்து முதுகில் போடும்போது அது 43-க்கு இறங்கியிருக்கும். ஈரம் சூட்டை விரைவாகக் கடத்தும் என்பதால் உலர் ஒத்தடத்தைவிடச் சுட்டுவிடும் வாய்ப்பு இதில் அதிகம். சொட்டுச் சொட்டாக வடியாத அளவுக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். 4, 5 நிமிஷத்தில் ஆறிவிடும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளும் அதன் மேல் உலர்ந்த துண்டும் போட்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 20 நிமிஷத்துக்கு மூன்று நான்கு முறை மாற்ற வேண்டி வரும். தண்ணீரில் நொச்சியிலை போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் தாராளமாக அப்படியே செய்யலாம். ஆனால் இலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சூட்டின் அளவு அதேதான். இலையைச் சொல்லிச் சூட்டைக் கூட்டிவிடக் கூடாது.

உப்பு ஒத்தடத்துக்குக் கல்லுப்பு அரைக் கிலோ, இரும்புச் சட்டி, பழைய பருத்தி வேட்டித் துணி. மிதமான தீயில் கிளறிக்கொண்டே 4 நிமிஷம் வறுத்தால் போதும். படபடவென்று வெடிக்கத் தொடங்கினால் சூடு எப்போதோ 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், அந்த உப்பை ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். துணியை இரட்டையாக மடித்துக் கிழியாகக் கட்டி, உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் 10 வினாடி வைத்துப் பாருங்கள். கையை இழுக்கத் தோன்றினால் பொறுத்திருங்கள். கிழியை ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தாமல் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி இளகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே பருத்தி மட்டுமே. உப்புக்குப் பதில் அரிசியும் எடுக்கலாம், அது மெதுவாக ஆறும். மைக்ரோவேவில் அரிசிப் பையைச் சுட வைப்பவர்கள் பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, முதலில் 1 நிமிஷம், எடுத்துக் குலுக்கிப் பார்த்து இன்னும் அரை நிமிஷம் என்ற கணக்கில் போகட்டும். ஒரே மூச்சில் 4 நிமிஷம் வைத்தால் நடுவில் அரிசி கருகி நெருப்பே பிடிக்கலாம். திரும்பத் திரும்பச் சூடாக்கிய அரிசி காய்ந்துபோய் எளிதில் கருகும். கருகல் வாடை வந்ததும் புது அரிசி போடுங்கள்.

மின்சாரத்தில் சூடாக்கும் ஜெல் பைகள் இப்போது எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கின்றன. பிளக்கை உருவிய பிறகே உடம்பில் வைக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு சூடேற்றக் கூடாது. ஓரம் உப்பியிருந்தாலோ பிசுபிசுப்பு தெரிந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். ஒயரோடு சேர்ந்த ஹீட்டிங் பேடைப் போட்டுக்கொண்டு தூங்கவே கூடாது. குறைந்த சூடானாலும் விடிய விடிய இருந்தால் சுடும் என்பதை மேலே சொல்லியிருக்கிறோம். தினமும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஒத்தடம் கொடுப்பவர்களுக்கு, சுடாவிட்டாலும், முதுகில் மீன்வலை விரித்தது போலப் பழுப்புக் கோடுகள் படியும். அது அழுக்கல்ல, சூட்டால் வருகிற தோல் மாற்றம். கண்டதும் ஒத்தடத்தை நிறுத்தித் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவ்வளவு நாள் ஒத்தடம் தேவைப்படுகிறது என்றால் வலிக்கே வேறு காரணம் தேட வேண்டும்.

செங்கல்லை அடுப்பில் சுட்டுத் துணியில் பொதிந்து வைப்பதும், இஸ்திரிப் பெட்டியைத் துண்டின் மேல் ஓட்டுவதும் கூடவே கூடாது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது அதைவிட ஆபத்து. தண்ணீர் கொதித்தால் குமிழியும் ஆவியும் சொல்லிக் கொடுக்கும். எண்ணெய் 120 டிகிரியிலும் அசையாமல் கிடக்கும், தோலில் விழுந்தால் வழிந்து போகாமல் ஒட்டியே நிற்கும். எண்ணெய் தேய்க்க வேண்டுமானால் எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள். வலி நிவாரண பாம், ஸ்பிரே தடவிய இடத்தில் ஒத்தடமே வேண்டாம். அவற்றில் உள்ள மெந்தால் முதலியவை சூட்டின் உணர்வை மறைக்கின்றன, சூடு அந்த மருந்தைக் கூடுதலாகத் தோலுக்குள் இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து ஆழமாகப் புண்ணாகும். புற்றுநோய் வலிக்கு ஃபென்டனில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பவர்கள் அதன் மேலோ அருகிலோ சூடு வைத்தால் மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து மூச்சே நின்றுவிடலாம்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்குச் சூடு உணரும் நரம்பு மங்கியிருக்கலாம், ‘சுடவில்லை’ என்று அவர்கள் சொல்வதை நம்ப முடியாது. ஒத்தடத்துக்கு முன், ஒரு கரண்டியை வெந்நீரிலும் இன்னொன்றைப் பச்சைத் தண்ணீரிலும் முக்கி, அவர்கள் பார்க்காமல் முதுகில் மாற்றி மாற்றி வைத்து எது சூடு, எது குளிர் என்று கேளுங்கள். தடுமாறினால் ஒத்தடம் வேண்டாம். மரத்துப்போன இடம், புண், சீழ்க்கட்டி, புற்றுநோய் உள்ள இடம் ஆகியவற்றிலும் வேண்டாம். முதுகின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சலும் வலியும் இருந்தால் அது அக்கியாக இருக்கலாம். கொப்புளம் பிறகுதான் வரும், ஒத்தடம் எரிச்சலைக் கூட்டும். மது குடித்தவருக்கும் தூக்க மாத்திரை போட்டவருக்கும் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒழிய வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு முதுகில் மிதமான ஒத்தடம் 10 நிமிஷம் போதும், வயிற்றில் வைக்கக் கூடாது.

பிள்ளை பெற்றவர்களுக்கு இங்கே வேது வைத்து, அதாவது மூலிகை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீரில், குளிப்பாட்டும் வழக்கம் இருக்கிறது. வெந்நீர் இடுப்புக்கு இதம்தான். ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 42 டிகிரி வரும், அதற்கு மேல் வேண்டாம். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, பிறகே கொதிநீரைச் சேர்க்க வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் ஆறும் வரை வயிற்றில் வெந்நீரை வீசி அடிக்கக் கூடாது. தையலைச் சுற்றிய தோல் மாதக்கணக்கில் மரத்தே இருக்கும், சுட்டாலும் தெரியாது.

ஒத்தடம் முடிந்ததும் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். கிடைத்த பலனில் பாதி அங்கேயே போய்விடுகிறது. தளர்ந்த தசை அடுத்த 10 நிமிஷத்துக்குத்தான் எளிதாக நீளும். அந்த நேரத்தில் பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பின் குழிவைப் பாயோடு அழுத்தி 5 வினாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. பிறகு ஒரு முழங்காலை இரு கையாலும் நெஞ்சுக்கு இழுத்து 20 வினாடி, காலுக்கு மூன்று தடவை. அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் 10 தடவை. முடிந்ததும் முற்றத்தில் 10 நிமிஷம் நடை. வலி புட்டத்தைத் தாண்டிக் காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். காலையில் எழும்போதே முதுகு இறுகியிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு முன் 10 நிமிஷம் முதுகில் வெந்நீர் ஊற்றிக் குளித்து, இந்த வளைவுகளைச் செய்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் முதல் மரங்களில் படும் சிரமம் குறையும். இரண்டு நாளுக்கு மேல் முழு ஓய்வாகப் படுப்பது வலியை நீட்டிக்கவே செய்யும்.

ஒத்தடத்தோடு காத்திருக்கக் கூடாத வலிகளும் உண்டு. சிறுநீர் அடக்க முடியாமல் போவது, அல்லது வராமல் நின்றுவிடுவது, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, கால் தூக்க முடியாமல் தளர்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். நரம்பு நசுங்கியிருந்தால் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனமாகலாம். தென்னை, பனையிலிருந்து விழுந்தவரை யாரும் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருக்கலாம், 108-ஐ அழைத்து அசையாமல் படுக்க வையுங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, ராத்திரி படுத்தாலும் தணியாத வலி, விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிற்றுக்கு ஓடும் சிறுநீரகக் கல்வலி இவையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. கல்வலிக்குச் சூடு இதமாகவே இருக்கும், அதனாலேயே பலர் நாள் கடத்திவிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுவிட்டால், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, மை, காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காசளவுப் புண்ணுக்கும் போக வேண்டும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மருந்துக் கடைக்காரர்களிடம் எங்கள் வேண்டுகோள்: வெந்நீர்ப் பை விற்கும்போது கலக்க வேண்டிய தண்ணீரின் அளவையும் நிமிஷக் கணக்கையும் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முந்திரி ஆலை நடத்துகிறவர்கள் மணிக்கு ஒரு தடவை 2 நிமிஷம் எழுந்து நிற்க அனுமதித்து, சாய்வுள்ள இருக்கை கொடுத்தால், சாயங்கால ஒத்தடம் தேவைப்படுகிறவர்களின் எண்ணிக்கையே குறையும். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கொதிநீர்க் கலவை அளவுகளை மட்டுமாவது ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்